மேல்தட்டில் பத்து நிமிடம்

மூச்சை அடக்கிக்கொண்டிருந்த நேரம் தவிர வேறு எப்போதும் அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அந்த மூச்சடக்கலும் வேலை நிமித்தம்தான். அறுபது மீட்டர் டவரின் உச்சியில் இருக்கும் மேல்தட்டில் நின்று, காற்றை உள்ளே இழுக்கும் டியூபின் வாய்க்கு அருகே கையைக் கொண்டுபோகும்போது நம் மூச்சு அதில் படக்கூடாது. மனிதர் விடும் மூச்சில், வெளிக்காற்றில் இருப்பதைப்போல நூறு மடங்கு கரியமில வாயு இருக்கிறது. ஒரு மூச்சு உள்ளே போனாலும் கீழே இருக்கும் கருவி அதை பெங்களூரு விட்ட புகை என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் ஃபில்டரைக் கழற்றி மாட்டும் முப்பது விநாடியும் அக்கா கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பாள். அப்போதும் சும்மா இருக்க மாட்டாள், புருவத்தாலும் கட்டைவிரலாலும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒருமுறை அவளோடு நானும் ஏறியபோது, அந்த முப்பது விநாடியில் தூரத்து மொட்டைமாடி ஒன்றில் யாரோ வடகம் காயவைத்துவிட்டு மறந்து போயிருக்கிறார்கள், மழை வரப்போகிறது என்பதை முழுக்கச் சைகையிலேயே சொல்லி முடித்தாள்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது படித்துக் காட்டுவார்கள், உடனே ஃபோன் வரும், என் ஞாயிற்றுக்கிழமை அதோடு போய்விடும்.

நான் வாணியம்பாடிக்காரி. அப்போது காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியறையில் குடியிருந்தேன். இந்த நகரம் எவ்வளவு கரியமில வாயுவும் மீத்தேனும் வெளியே விடுகிறது என்று அளக்கும் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை. தரையில் நின்று அளந்தால் பக்கத்தில் நிற்கும் ஆட்டோ மட்டும்தான் தெரியும். உயரத்தில் அளந்தால்தான் ஆயிரம் வீட்டு அடுப்பும், சிக்னலில் நிற்கும் வண்டிகளும், ஜெனரேட்டர்களும், குப்பை மேடுகளும் கலந்து வந்த காற்று கிடைக்கும். ஓசூர் ரோடு பக்கம் ஒரு டவரில் மூன்று உயரங்களில் டியூப் வைத்திருந்தோம். மூன்றும் கீழே ஒரு கண்டெய்னருக்குள் இறங்கும். அங்கே கருவி இருந்தது, கருவிக்காக ஏசி இருந்தது, ஏசிக்குக் கீழே நான் இருந்தேன்.

டவர் ஏறுவது அக்காவின் வேலை. பெங்களூரிலேயே ஒக்கலிபுரத்துக்காரி, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். ஐடிஐ முடித்துவிட்டு மொபைல் டவர் காண்ட்ராக்டர் ஒருவரிடம் ஃபோன் எடுக்கும் வேலைக்குப் போயிருக்கிறாள். ஏற ஆள் வரவில்லை என்று அவர் புலம்பிய ஒரு நாளில், பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இவளே ஏறிவிட்டாளாம்.

"ஃபோன்ல பேசினா நடுவுல நடுவுல கட் பண்ணிடறாங்க மேடம். மேல ஏறிட்டா நம்ம பேச்சை யாரு கட் பண்றது?" என்று அதற்குக் காரணம் சொன்னாள்.

நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை மேடம் என்பாள். அந்த மேடத்தில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று மட்டும் என்னால் கடைசிவரை அளக்க முடியவில்லை.

கண்டெய்னருக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். தினமும் காலையில், அளவு தெரிந்த காற்று அடைத்த சிலிண்டர் ஒன்றைத் திறந்து கருவி சரியாகச் சொல்கிறதா என்று சோதிப்போம். அந்தச் சிலிண்டருக்குப் பெயர் மாமியார். "மாமியார் வந்துட்டுப் போயாச்சு மேடம், இன்னைக்கு ஒண்ணும் குத்தம் சொல்லல" என்பாள். டியூபில் வரும் காற்று கருவிக்குள் நுழையும் முன் ஒரு ஸ்டீல் டிரம்மில் கலந்து சமமாகும். அதற்குப் பெயர் சாம்பார் டிரம். சட்டென்று எகிறும் சின்னச் சின்ன முள்ளெல்லாம் அதற்குள் கலந்து, கிராஃபில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் ஒரு மேடாக மாறிவிடும். இந்த டிரம்மை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானத்தை வாங்கியது இதுதான்.

கிராஃபைப் படிக்க அவளுக்கு நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. ஒரு பந்த் அன்று என்னால் டவருக்குப் போக முடியவில்லை. அவள் எப்படியோ யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு போய்விட்டாள். பத்து மணிக்கு ஃபோன் வந்தது.

"மேடம், டிவில பந்த் பாதிதான்னு சொல்றான். பொய். கோடு தரையில படுத்துக் கிடக்குது. பந்த் ஃபுல் சக்சஸ்."

அன்று அரசாங்கமும் கட்சிகளும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் அக்காவைத்தான் நம்பினேன்.

பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுக்காரியின் பிரசவம் முதல் கண்டக்டரின் முதுகுவலி வரை தெரிந்துகொண்டு வருவாள். கன்னடத்தில் ஆரம்பித்த வாக்கியம் தமிழில் முடியும். இத்தனை பேசுகிறவள் தன் வீட்டைப் பற்றி மட்டும் அதிகம் பேசியதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை. அவ்வளவு பேச்சுக்கு நடுவில் எது இல்லை என்று யார் கவனிப்பது?

அந்த வருடம் பக்கத்தில் ரோடு வேலை ஆரம்பித்தார்கள். புழுதி டவர் உச்சிவரை வந்து ஃபில்டரை அடைத்தது. வாரம் ஒருமுறை ஏறிக்கொண்டிருந்த அக்கா தினமும் ஏற வேண்டியதாயிற்று. அதில் அவளுக்குச் சலிப்பே இல்லை. அதே நாட்களில்தான் என் கிராஃபில், உச்சி டியூபில் மட்டும், ஒரு மேடு தோன்ற ஆரம்பித்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அழகான மேடு அது. ஒரு வாரம் முழுக்கக் காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் எழும். அடுத்த வாரம் மாலை ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால். அதற்கடுத்த வாரம் மறுபடி காலை. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வாரம் விட்டு வாரம் மாறுகிறதென்றால் ஷிஃப்ட், ஷிஃப்ட் என்றால் தொழிற்சாலை. தெற்கே ஹெப்பகோடியில் இருக்கும் தொழிற்சாலைகளின் ஷிஃப்ட் நேரங்களை விசாரித்தேன். ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. மேடு எழும் நேரம் அங்கே டீ இடைவேளை. அந்த நேரத்தில் பாய்லரையோ எதையோ திறந்து விடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

நடு டியூபிலும் கீழ் டியூபிலும் மேடு இல்லையே என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். புகைபோக்கி உயரமானது, புகை உயரத்திலேயே வருகிறது என்று பதில் சொல்லிக்கொண்டேன். எதை எரித்தாலும் கரியமில வாயுவோடு கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் வர வேண்டும், என் மேட்டில் அது இம்மியும் ஏறவில்லை. நவீன பாய்லர், சுத்தமாக எரிக்கிறார்கள் என்று எழுதினேன். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் மேடு வந்தது. அதற்கு மட்டும் பதில் கிடைக்காமல் 'மேலும் ஆராய வேண்டும்' என்று போட்டுவைத்தேன். அறிவாளி முட்டாளாவதற்கு எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வெள்ளிக்கிழமை நிபுணர் குழு வருவதாக இருந்தது. திட்டம் தொடருமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அக்காவின் காண்ட்ராக்டும் அந்த மாதத்தோடு முடிகிறது, குழு போன பிறகுதான் புதுப்பிப்பார்கள். புதன்கிழமை சாயங்காலம் கண்டெய்னரில் நின்று என் உரையை ஒத்திகை பார்த்தேன். கேட்க இருந்த ஒரே ஆள் அக்கா, ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மேட்டைக் காட்டினேன். நேரங்களைச் சொன்னேன். தொழிற்சாலையின் பெயரைச் சொன்னேன்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் டியூபும் இல்லை, ஃபில்டரும் இல்லை, மூச்சும் விட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "வரேன் மேடம்" என்று கிளம்பிப் போய்விட்டாள். என் கண்டுபிடிப்பு அவளை வாயடைக்க வைத்துவிட்டது என்று நினைத்து நான் பெருமைப்பட்டேன்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன் மேடம். பஸ்ஸும் வந்துடுச்சு. வாய் கேக்கல." டப்பாமேல் மறுபடி உட்கார்ந்தாள். "அது கம்பெனி இல்ல. அது நான்தான்."

"எது?"

"உங்க மேடு."

அவள் தங்கை அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை செய்தாள். கூட வேலை பார்த்த ஒருவனை வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு ஹெப்பகோடியிலேயே குடியிருந்தாள். அவளோடு யாரும் பேசக்கூடாது என்று அப்பா உத்தரவு. தொழிற்சாலைக்குள் ஃபோன் லாக்கரில் இருக்கும், டீ இடைவேளையில் மட்டும் கைக்கு வரும். அந்த நேரத்தில் அக்கா எங்கள் டவர் வேலையில் இருப்பாள். கண்டெய்னருக்குள் பேசினால் காற்றை இழுக்கும் பம்பின் சத்தத்தில் தங்கைக்குக் கேட்காது. வெளியே பேசலாமென்றால் வாசலில் வாட்ச்மேன் மாமா. அவரும் ஒக்கலிபுரம்தான், அதே தெரு, அப்பாவோடு தினமும் ராத்திரி சீட்டாடுகிறவர்.

"அதனால மேல போய்ப் பேசினேன். ஏறினதும் வேலைய ஆரம்பிக்கக்கூடாது, மேல்தட்டுல பத்து நிமிஷம் உக்காந்து களைப்பாறணும்னு ரூல் இருக்குதே. அந்தப் பத்து நிமிஷம்தான். அவ ஷிஃப்ட்டு மாறினா நான் ஏறுற டைமும் மாத்துவேன். டியூப் வாய் எனக்கு மேல ஒரு ஆள் உயரத்துல இருக்குதே, மூச்சு அங்க போவாதுன்னு நெனச்சிட்டேன்."

அந்த விதியை எழுதியவள் நான்தான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அப்படியெல்லாம் இருக்காது, ஒரு ஆள் பேசினால் இவ்வளவு பெரிய மேடு வராது என்று அடித்துப் பேசினேன். அக்கா எழுந்துபோய் அலமாரியிலிருந்து லாக் புத்தகத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். ஏறிய நேரம், இறங்கிய நேரம், ஃபில்டரின் நிலை, எல்லாம் குண்டு குண்டான கையெழுத்தில், மேடு வந்த இரண்டு மாதமும், ஞாயிறு தவிர ஒருநாள் விடாமல். நான் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. திரையில் வருவதுதான் எனக்குத் தரவு, நோட்டில் இருப்பது அவள் வேலை. என் மேடுகளை ஒவ்வொன்றாக அதோடு வைத்துப் பார்த்தேன். பத்தாவதோடு நிறுத்திக்கொண்டேன். டியூப் வாய்க்கு நேர் கீழே, காற்று அடங்கிய மூலையில் பத்து நிமிடம் விடாமல் விட்ட மூச்சு, சூடாக மேலே எழுந்து, சாம்பார் டிரம்மில் கலந்து, மேடாகி என் மடியில் விழுந்திருக்கிறது.

"இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே அக்கா," என்றேன். உண்மையில் அதைச் சொல்லும்போது, நானும் சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் அதைத்தான் நெனச்சேன். சொன்னா என் வேலை போவும். சொல்லலன்னா அவங்க கம்பெனி மேல பழி விழும், அங்க எவன் வேலை போவும்னு தெரியாது. எப்படிப் பாத்தாலும் இடி எங்க வீட்டுக்குத்தான் மேடம்." லாக் புத்தகத்தை மூடினாள். "அதுவும் இல்லாம, மனசுல ஒண்ணை வெச்சிக்கிட்டு வாய மூடிட்டு இருக்க எனக்கு எங்க தெரியுது?"

எங்கள் திட்டத்தின் தலைவர் மைசூர் பக்கத்துக் கன்னடக்காரர். அதிர்ந்து பேசாதவர். அன்றிரவே நாங்கள் இருவரும் போய்ச் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு "நோடோணா" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அக்காவின் காண்ட்ராக்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அக்கா ஏற வேண்டும், மேல்தட்டில் முதல் பத்து நிமிடம் தள்ளி உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அடுத்த பத்து நிமிடம் வழக்கமான மூலையில் உட்கார்ந்து வழக்கம்போலப் பேச வேண்டும்.

"பேசறது ஈஸி. மொதல் பத்து நிமிஷத்துக்கு என்னா பண்றது?" என்று கவலைப்பட்டாள்.

ஏறினாள். முதல் பத்து நிமிடம் கோடு படுத்தே கிடந்தது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். ஆரஞ்சு ஹெல்மெட் ஒன்று முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளே திரும்பியதும் என் ஃபோன் அடித்தது. தங்கைக்கு அது இடைவேளை இல்லை, அதனால் எனக்கே பேசினாள். தலைவர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

"என்னா பேசறது மேடம், திடீர்னு பேசுன்னா? சரி, அவளோட என்னா பேசுவேனோ அதையே சொல்றேன். அவளுக்கு ஆறு மாசம். புளிப்பு கேக்குது. மாங்காய ஒளிச்சு வெச்சு ஷிஃப்ட்டுக்கு எடுத்துட்டுப் போறா. நேத்து கொழந்த உதைச்சுதாம், பெல்ட்டுல டப்பா அடுக்கிட்டு நிக்கும்போது. 'க்கா, உள்ள யாரோ டவர் ஏறுறாங்க'ன்னா. நான் சிரிச்சுட்டேன். அப்பறம் ரெண்டு பேரும் அழுதோம், நேரம் ஆயித்துன்னு வெச்சிட்டா. அடுத்த மாசம் வளையல் போடணும். எங்கம்மா இருந்தா போட்டிருக்கும். நான் போடலாம், அப்பா இல்லாம எப்படிப் போடறது? அந்த மனுஷன் டிவியப் பாத்துக்கிட்டே சாப்பிடறாரு, அவ தட்டை இன்னும் பக்கத்துல வெச்சிக்கிறாரு, கேட்டா 'சும்மா இருக்குது'ன்றாரு…"

தலைவருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார். டியூபில் இறங்கி டிரம்மில் கலந்து வர நாலைந்து நிமிடம் ஆகும். மாங்காய் வந்தது, குழந்தை உதைத்தது, திரையில் கோடு மெல்லத் தலைதூக்கியது. தட்டு வரும்போது மேடு முழுதாக எழுந்து நின்றது. நான் இரண்டு மாதம் சீராட்டி வளர்த்த அதே மேடு, அதே தோள், அதே இறக்கம். என் கண்டுபிடிப்பு என் கண் முன்னால் செத்துப்போயிற்று. எனக்கு வருத்தமே வரவில்லை, சத்தமாகச் சிரித்துவிட்டேன். தலைவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"வந்துச்சா மேடம்?" என்று மேலிருந்து கேட்டாள்.

"வந்துடுச்சு அக்கா. இறங்கி வாங்க."

வெள்ளிக்கிழமை குழுவுக்கு முன்னால் தொழிற்சாலை இல்லை. அக்காவின் மேட்டைக் காட்டி, இப்படித்தான் ஏமாந்தோம், இப்படித்தான் கண்டுபிடித்தோம் என்று சொன்னேன். ஓர் ஆள் பேசினதே தெரிகிறது என்றால் கருவி நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று தலைவர் ஒரு வரி சேர்த்தார். திட்டம் தொடர்ந்தது. அக்காவின் காண்ட்ராக்டில் அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். தண்டனை எனக்குத்தான் கிடைத்தது. லாக் புத்தகத்தை நான் தினமும் படித்துக் கையெழுத்திட வேண்டும். களைப்பாறுவது இனி மேல்தட்டில் இல்லை, ஒரு தட்டுக் கீழே. டவரில் ஃபோன் கூடாது.

டவரில் ஃபோன் இல்லை என்றதும் தங்கையோடு எங்கே பேசுவாள் என்று எனக்குக் கவலையாக இருந்தது. திங்கட்கிழமை டீ நேரத்துக்கு அக்கா நேராக வாசலுக்குப் போனாள். வாட்ச்மேன் மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி தங்கையோடு பேசினாள். மாமா அன்று ராத்திரியே போய்ச் சீட்டாட்டத்தில் சொல்லிவிட்டார். அப்பா சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம். இரண்டாம் நாளும் மாமா சொன்னார், அப்பா சீட்டைக் கீழே போடாமல் கேட்டுக்கொண்டாராம். மூன்றாம் நாள் உட்காரும் முன்பே அவரே கேட்டிருக்கிறார், "இன்னைக்கு என்னா பேசினாளுங்க?"

அதன் பிறகு மாமாவுக்குக் காது கூர்மையாகிவிட்டது. பேச்சு மெதுவாக இருந்தால், "கொஞ்சம் சத்தமாப் பேசும்மா, ராத்திரி நான் பதில் சொல்லணும்" என்பார்.

ஒக்கலிபுரத்தில் அவர்களின் ஒற்றை அறை வீட்டில் நடந்த வளைகாப்புக்கு நான் போயிருந்தேன். தங்கையும் அக்காவைப் போலவே இருந்தாள், கொஞ்சம் குள்ளம். அப்பா மூலையில் நின்றுகொண்டு யாரையும் பார்க்காமல், ஒரு பை நிறைய மாங்காயை நீட்டினார். மாங்காய் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. மாமா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மாலையில் எனக்கிருந்த சந்தோஷம் எந்த ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானபோதும் இருந்ததில்லை.

அக்கா இன்னும் சில வருடம் அங்கே இருந்துவிட்டு வேறு ஊரில் ஒரு டவருக்குப் போனாள், நான் வேறு வேலைக்கு வந்தேன். அந்த டவரின் தரவு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் இருக்கிறது. அதில் இரண்டு மாதம், ஞாயிறு தவிர, தினமும் கொஞ்ச நேரம் காலியாக இருக்கும். காலி விட்டால் காரணம் எழுத வேண்டும். 'உள்ளூர்க் கலப்படம்' என்பதுதான் வழக்கமான வார்த்தை, அதைத்தான் எழுதியிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள், சொன்னேன்.

"கலப்படமா? நல்ல பாலாட்டம் பேசிக்கிட்டிருந்தோம் மேடம்."

அழித்துவிட்டு, 'அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தலைவர் படித்துவிட்டு அதை மாற்றாமல் விட்டுவிட்டார். இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம், வேறெங்கோ ஒரு நாட்டில் அந்தத் தரவை வைத்து வேலை செய்யும் ஒரு பெண் எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். குறிப்புகள் தெளிவாக இருந்தன, நன்றி, ஒரே ஒரு கேள்வி: அவர்கள் பேசி முடித்துவிட்டார்களா?

அக்காவுக்கு ஃபோன் செய்தேன். லைன் பிஸியாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "சாரி மேடம், தங்கச்சி லைன்ல இருந்தா" என்றாள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"இன்னும் இல்லன்னு எழுதுங்க," என்றாள்.